பரோட்டா மாஸ்டர் கைக்கு ஓர் ஊசி: அடலிமுமாப் எப்படி?

பொருள்: முடக்குவாதத்துக்குப் போடும் அடலிமுமாப் ஊசி, 40 மில்லிகிராம், மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சு. இந்தியத் தயாரிப்பு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கு அடியில் போட்டுக்கொள்வது. பயன்படுத்துபவர்: பிரானூர் பார்டரில் பரோட்டா போடுகிறவன். மதிப்பெண்: ஐந்துக்கு நாலு. பிராண்டு பேரைக் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டர் எழுத வேண்டியது.

மிக்சிக்கு ரிவ்யூ இருக்கிறது, குக்கர் வாஷருக்கு இருக்கிறது. மாதம் இரண்டு ஊசி என்று கடையில் ஒரு ஆள் சம்பளத்தை விழுங்கும் இந்த மருந்துக்குத் தமிழில் ஒருத்தர் எழுதிக் காணோம். நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு, வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் கல்லுக்கு முன்னால் வந்து நின்றவன். படித்தது பரோட்டாவுக்கு உதவவில்லை. இந்த ஊசியைப் புரிந்துகொள்ள உதவியது.

வெளியூர்க்காரர்களுக்கு: பிரானூர் பார்டர் என்பது செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவே இருக்கிறது. திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை 1956இல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லை எழுந்து மலைமேல் கோட்டைவாசலுக்குப் போய்விட்டது, பேர் மட்டும் எங்கள் பரோட்டாவோடு ஒட்டிக்கொண்டு இங்கேயே கிடக்கிறது.

பரோட்டாவில் வீசுவதுதான் பெரிய வித்தை என்று சாப்பிட வருகிறவர்கள் நினைக்கிறார்கள். வீச்சு தோளிலும் மணிக்கட்டிலும் போய்விடும். கையைக் கொல்வது உருண்டை பிடிப்பது. பிசைந்த மாவை உள்ளங்கையில் அழுத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி, ஒரே இறுக்கில் கிள்ளி எடுக்க வேண்டும். எல்லா உருண்டையும் ஒரே எடை வர வேண்டும். எனக்கு முதலில் போனது அந்தக் கிள்ளல்தான். விடியற்காலையில் எழுந்தால் விரல் மடங்காது. வெந்நீரில் வைத்து, உதறி, பத்து மணி ஆனால்தான் கை கையாக இருக்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரல் மொளி மொளியாக வீங்கியது. ஊரில் சரவாங்கி என்றார்கள். எண்ணெய், குழம்பு, பிழிச்சல் என்று ஆயுர்வேத வைத்தியம் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போய்ச் செய்து பார்த்தேன். வலிக்கு இதமாகத்தான் இருந்தது. வீக்கம் அப்படியே இருந்தது.

கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு வாதநோய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சி.சி.பி., அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. எல்லாம் பார்த்தார். "அண்ணா, வேதனை குறைஞ்சா மாத்ரம் போரா. எல்லு தேயாம நோக்கணும், கேட்டோ?" என்றார். எல்லு என்றால் எலும்பு. முடக்குவாதம் என்று ஆங்கில வைத்தியம் சொல்வது இதைத்தான்: உடம்பின் காவல் படையே மூட்டின் உள்சவ்வைத் தாக்கி, சவ்வு தடித்து, பக்கத்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, கூடவே ஃபோலிக் ஆசிட். வாரத்துக்கு ஒரு நாள் என்பதை அவர் சீட்டில் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார். தினமும் விழுங்கினால் ஆளையே கொன்றுவிடும் மாத்திரை அது. பாதி குணம் தெரிந்தது. உருண்டை பிடிக்க வரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஊசி.

இனி ஊசிக்குப் பின்னால் இருக்கிறவர்களைப் பற்றி. இதைச் சொல்லாமல் ரிவ்யூ எழுதினால் சால்னா இல்லாத பரோட்டா.

மார்க் ஃபெல்ட்மன் 1944இல் இன்றைக்கு உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போர் முடிந்ததும் குடும்பம் பிரான்சுக்குப் போனது, பிறகு ஆஸ்திரேலியாவுக்கு. மெல்போர்னில் மருத்துவம் படித்து, அங்கேயே நோயெதிர்ப்பியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, லண்டன் போய்ச் சேர்ந்தார். அவரோடு கூட்டு சேர்ந்தவர் ரவீந்தர் மைனி. 1937இல் லூதியானாவில் பிறந்து, உகாண்டாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் வாதநோய் மருத்துவர் ஆனவர். ஒருத்தர் ஆய்வகத்துக்காரர், இன்னொருத்தர் வார்டுக்காரர். இந்தக் கூட்டு இல்லாவிட்டால் கதையே இல்லை என்பது என் கட்சி. பத்திரிகைகளில் ஃபெல்ட்மன் பேரைத் தனியாகப் போட்டு எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

1983இல் ஃபெல்ட்மனும், தைராய்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பொட்டாட்சோவும் மற்றவர்களும் லான்செட் இதழில் ஒரு கருத்தை வைத்தார்கள். தன் உடம்பையே தாக்கும் நோய்களில், தாக்கப்படுகிற உறுப்பின் செல்லே காவல் படைக்கு "இதைப் பார்" என்று அடையாளம் காட்ட ஆரம்பித்துவிடுகிறது, அந்த இடத்தில் சுரக்கும் சைட்டோகைன் என்ற சேதிப் புரதங்கள் அதற்குத் தூபம் போடுகின்றன என்பது சாரம். சரி, எந்தச் சைட்டோகைன்? அங்கேதான் எல்லோரும் மலைத்து நின்றார்கள். வீங்கிய மூட்டில் தேடினால் ஒன்றா இரண்டா, டஜன் கணக்கில் இருக்கின்றன. ஒன்றின் வேலையை இன்னொன்றும் செய்கிறது. ஒன்றை அடைத்தால் அடுத்தது அந்த இடத்துக்கு வந்துவிடும், அதனால் ஒன்றை மட்டும் அடைத்துப் பயனில்லை என்பதுதான் அன்றைய பொதுப் புத்தி.

அவர்கள் எலியை விட்டுவிட்டு முதலில் மனுசன் மூட்டைப் பார்த்தார்கள். மைனியின் நோயாளிகளிடமிருந்து எடுத்த மூட்டுச் சவ்வின் செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். யாரும் தூண்டாமலே அந்தச் செல்கள் நாள் கணக்கில் சைட்டோகைன்களைக் கொட்டிக்கொண்டே இருந்தன. ஃபியனுலா பிரென்னன் என்ற ஆய்வாளர் அந்தத் தட்டில் டி.என்.எஃப். என்ற ஒன்றை மட்டும் பிடித்துக் கட்டும் ஆன்டிபாடியைச் சேர்த்துப் பார்த்தார். டி.என்.எஃப். அடங்கியதும், அதற்குக் கீழே இருந்த இன்டர்லூக்கின் 1 என்ற இன்னொரு சேதிப் புரதமும் தானாகக் குறைந்துபோனது. 1989இல் இது லான்செட்டில் வந்தது. எங்கள் கடையில் சாயங்கால நேரத்தில் பத்துப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். வெங்காயம் வெட்டுகிறவன், சால்னா ஊற்றுகிறவன், இலை போடுகிறவன், யாரை நிறுத்தினாலும் இன்னொருத்தன் சமாளித்துவிடுவான். கல்லில் நிற்கிறவன் அடுப்பை அணைத்தால் பத்துப் பேரும் நிற்க வேண்டியதுதான். மூட்டுக்குள் கல்லில் நிற்பவன் டி.என்.எஃப். என்று இவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அந்த டி.என்.எஃப். ஒன்றும் வாதத்துக்காகத் தேடப்பட்ட சரக்கு இல்லை. 1975இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டின் குழு, எலிகளில் கட்டியை அழிக்கிறது என்று பார்த்து அதற்குப் பேர் வைத்தது. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் வேறு காரியத்துக்கு, ரத்தத்தில் விஷம் பரவும் செப்சிஸுக்கு, அமெரிக்காவில் சென்டோகார் கம்பெனியிடம் இருந்தது. நியூயார்க்கில் யான் வில்செக்கும் ஜுன்மிங் லேயும் எலியிலிருந்து எடுத்த ஆன்டிபாடியின் பாதி மனுசனாக்கிய வடிவம் அது. இன்றைக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற பேரில் டிரிப்ஸாக ஏற்றுகிறார்கள். ஃபெல்ட்மனும் மைனியும் அதை வாதத்துக்குக் கேட்டார்கள். முதலில் எலிகளில் மூட்டு அழற்சி அடங்குகிறதா என்று ரிச்சர்டு வில்லியம்ஸோடு பார்த்தார்கள். அப்புறம் 1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் மனுசர்களுக்கு. வேறு எதற்கும் மசியாத இருபது நோயாளிகள். வீக்கம் வடிந்தது, சி.ஆர்.பி. இறங்கியது, விறைப்பு விட்டது. மருந்து தீர்ந்ததும் சில வாரங்களில் நோய் திரும்பி வந்தது. திரும்பக் கொடுத்தால் திரும்ப அடங்கியது.

இருபது பேரை வைத்து யாரும் நம்ப மாட்டார்கள் இல்லையா, அதனால் அடுத்தது 73 பேர், நான்கு ஐரோப்பிய ஊர்களில், டாக்டருக்கும் நோயாளிக்கும் எது மருந்து எது வெறும் நீர் என்று தெரியாமல். 1994இல் வந்த முடிவு: வெறும் நீர் ஏற்றியவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான் குணம் தெரிந்தது. கூடுதல் அளவு மருந்து ஏற்றியவர்களில் 79 சதவீதம். நாலே வாரத்தில். இந்த 8, 79 இரண்டையும் டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என் ஃபைலில் இருக்கிறது.

நான் போட்டுக்கொள்ளும் அடலிமுமாப்பும் டி.என்.எஃப்.பை அடைக்கும் ஆன்டிபாடிதான், ஆனால் ஃபெல்ட்மனும் மைனியும் செய்தது இல்லை. அது வேறு கம்பெனிகள் கூடிச் செய்தது. அதற்குக் கைகொடுத்த, ஆன்டிபாடி முழுவதையும் மனுசப் புரதமாகவே தேடி எடுக்கும் முறையை உருவாக்கிய கிரெகரி வின்டருக்கு 2018இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. அமெரிக்காவில் 2002 டிசம்பர் 31ஆம் தேதி அனுமதி வாங்கிய அடலிமுமாப், பிறகு பல வருசம் உலகத்திலேயே அதிகம் காசு பார்த்த மருந்தாக இருந்தது. ஆனால் டி.என்.எஃப்.பை அடைத்தால் மூட்டு அடங்கும் என்று ஃபெல்ட்மனும் மைனியும் நிரூபித்திராவிட்டால் அவ்வளவு காசைக் கொட்ட யார் வந்திருப்பார்கள்? 2000இல் கிராஃபோர்டு பரிசு, 2003இல் லாஸ்கர் விருது, இருவருக்கும் சர் பட்டம். நோபல் மட்டும் இதுவரை வரவில்லை. கமிட்டியில் யாருக்கும் விரல் வீங்கியதில்லை போல.

இந்தியாவுக்கு வருவோம். உலகத்தின் முதல் அடலிமுமாப் நகல் மருந்து, பயோசிமிலர் என்கிறார்களே அது, 2014 டிசம்பரில் குஜராத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து நம் நாட்டில்தான் விற்பனைக்கு வந்தது. இன்றைக்குப் பல கம்பெனிகள் செய்கின்றன. அதனால்தான் பரோட்டாக் கடைக்காரன் கைக்கும் இது எட்டியது. எட்டியது என்றால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எட்டியது. வீட்டில் அவள் சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்தாள்.

ஊசிக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே, டி.பி.க்கான தோல் ஊசி, மஞ்சள் காமாலை பி, சி ரத்தச் சோதனை. இதைப் பலர் கடமைக்கு எடுப்பது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காச நோய்க் கிருமி நம்மில் நிறையப் பேர் நுரையீரலில் சும்மா தூங்கிக் கிடக்கும். அதைச் சுற்றிக் காவல் செல்களைக் கூட்டி வளைத்து வைத்திருப்பதே இந்த டி.என்.எஃப்.தான். அதை அடைத்தால் வளையம் தளர்ந்து கிருமி எழுந்துவிடும். இன்ஃப்ளிக்சிமாப் வந்த சில வருசத்தில், 2001இல், அதைப் போட்டவர்களில் 70 பேருக்குக் காசம் வந்ததைத் திரட்டி அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனைகள் கட்டாயம் ஆயின. எனக்குத் தோல் ஊசி போட்ட இடம் காசு அளவுக்குத் தடித்துவிட்டது. எக்ஸ்ரே சுத்தம். "உறங்கிக் கிடக்கிறது, உணர்த்தண்டா" என்றார் டாக்டரம்மா, எழுப்ப வேண்டாம் என்று அர்த்தம். காச நோய்க்கான ஐ.என்.எச். மாத்திரையை ஆரம்பித்து, ஒரு மாசம் கழித்துத்தான் முதல் ஊசி. மெத்தோட்ரெக்சேட்டும் ஐ.என்.எச்.சும் இரண்டும் ஈரலைப் பதம் பார்க்கும் மாத்திரைகள், அதனால் ஈரல் டெஸ்டும் அடிக்கடி. காத்திருந்த அந்த மாசம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சோதனை எடுக்காமல் உடனே போடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பலன். முதல் ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காலை, வெந்நீர் வைக்காமலே பல் துலக்கினேன் என்பது மதியம் கல்லைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. களைப்பு முதலில் போனது, வீக்கம் பிறகு, கிள்ளும் பலம் கடைசியில். இப்போது உருண்டை நான்தான் பிடிக்கிறேன். இடது சுண்டு விரல் ஏற்கெனவே கோணியது, கோணியபடியே இருக்கிறது. அரித்த எலும்பை இது திருப்பித் தராது, மேற்கொண்டு அரிக்காமல் நிறுத்தும், அவ்வளவுதான். சீக்கிரம் போடுகிறவர்களுக்குக் கிடைப்பது அதிகம்.

"ஊசிதான் போடுறீங்களே வாப்பா, மாத்திரை எதுக்கு?" என்று மகள் கேட்டாள். நானும் டாக்டரிடம் அதையே கேட்டேன். பதில் மைனி 1998இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது: ஊசி மருந்தே வெளியிலிருந்து வரும் புரதம், உடம்பு அதற்கும் எதிர்ப்பை உண்டாக்கி அதைச் செல்லாமல் ஆக்கிவிடும். மெத்தோட்ரெக்சேட் கொஞ்சமாகச் சேர்ந்து இருந்தால் அந்த எதிர்ப்பு குறைகிறது, பலன் நீடிக்கிறது. அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போடும் விதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். வெயிலிலோ வெந்நீரிலோ சூடாக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. தொடையிலோ வயிற்றிலோ, தொப்புளை விட்டுத் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துச் சாய்வாக ஏற்றிவிடலாம். முதல் சில தடவை நர்ஸ் போட்டார், பிறகு நானே. ஊசி குத்துவது தெரியாது. மருந்து இறங்கும்போது எரியும், கொதி எண்ணெய் தெறித்த மாதிரி இல்லை என்றாலும் முகம் சுளிக்கும் அளவுக்கு. என் பிராண்டில் சிட்ரேட் இருப்பதால் அந்த எரிச்சல். சிட்ரேட் இல்லாததும் வருகிறது, எரிச்சல் குறைவு என்கிறார்கள். வாங்குமுன் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பிடித்துவைத்த அந்த ஒரு மார்க். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தாலும் போச்சு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, பாலோடு, குளத்துப்புழை, தென்மலை என்று காட்டு வழியாக பஸ்ஸில் வரும்போது மடியில் தெர்மகோல் பெட்டி. ஐஸ் பேக் நேராக மருந்தில் படாமல் நடுவே துணி சுற்றிக்கொள்வேன். ஆரியங்காவு செக்போஸ்டில் ஒருத்தர் பெட்டியைப் பார்த்து "மீனாணோ?" என்றார். திறந்து காட்டினேன். சிரிஞ்சைப் பார்த்ததும் மூடச் சொல்லிவிட்டு, அவர் அம்மாவுக்கும் விரல் கோணியிருப்பதாகச் சொன்னார். பஸ் ஐந்து நிமிசம் நின்றது.

அலைச்சல் வேண்டாம் என்று ஒரு தடவை ஆன்லைன் மருந்துக் கடை ஒன்றில் ஆர்டர் போட்டேன். பெட்டி வந்தபோது ஐஸ் பேக் வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனை மணி நேரம் அப்படிக் கிடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. இத்தனை ஆயிரம் ரூபாய் மருந்தின் பெட்டியில், சூடேறினால் நிறம் மாறும் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட முடியாதா? சொட்டு மருந்துக் குப்பியில் அது இருக்கிறது, போலியோ முகாமில் பார்த்திருக்கிறேன். இதில் ஏன் இல்லை? பெட்டிக்குள் இருக்கும் காகிதமும் எறும்பு எழுத்தில், இங்கிலீசில். தமிழிலோ மலையாளத்திலோ நாலு வரி போட்டால் மை தீர்ந்துவிடாது. ஒரு மார்க் போனது இதற்குத்தான்.

வீட்டிலும் கவனம் வேண்டும். கடை ஃப்ரிட்ஜ் ஓயாமல் திறந்து மூடுவது, அதில் வைக்காதீர்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் நடுத் தட்டு, கதவுப் பக்கம் வேண்டாம், ஃப்ரீசரை ஒட்டியும் வேண்டாம். சாரல் காலத்தில் காற்று அடித்துக் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டாலே சில மணி நேரம் தாங்கும். ரொம்ப நேரம் ஆகிவிட்டால் மருந்தைப் போடுமுன் டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், ஆறாத புண், விடாத இருமல் இருந்தால் அந்தத் தடவை ஊசி வேண்டாம், முதலில் டாக்டருக்குப் போன். உயிருள்ள கிருமி வைத்துச் செய்யும் தடுப்பூசிகள் இந்த மருந்தில் இருக்கும்வரை கூடாது. போட்டு முடித்த சிரிஞ்சைக் குப்பையில் எறியாதீர்கள், நான் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, அடுத்த தடவை போகும்போது நர்ஸிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஃபெல்ட்மன் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் இன்னொரு கை நோயிலும் இறங்கினார். உள்ளங்கையில் கட்டி தடித்து விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும் டுபுயிட்ரன் என்ற நோய். ஜக்தீப் நஞ்சஹல் என்ற கை அறுவை மருத்துவரோடு சேர்ந்து, இதே அடலிமுமாப்பை நேராக அந்தக் கட்டிக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். கட்டி இளகிச் சிறுத்தது என்று 2022இல் முடிவு வந்தது. நம் ஊரில் அது அபூர்வம் என்றார் டாக்டரம்மா.

டாக்டர் இப்போது ஊசிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறார். சி.ஆர்.பி. அடுத்த தடவையும் இறங்கியே இருந்தால் மூன்று வாரத்துக்கு ஒன்று. எனக்குச் செலவு குறையும். கூடச் சம்பளம் கேட்டுக்கொண்டிருக்கும் கடைப் பையனுக்கும் நல்லது.